இரைச்சலுக்கு அடியில்

இன்ஜினை அணைத்த பிறகும் கொசு பாடியது.

மூன்று நொடி இருக்கும், அதிகம் போனால் நான்கு. சாவியைத் திருப்பி, டீசல் இன்ஜின் இருமி, உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கிய பிறகும் வண்டியின் வயர்லெஸ் ஸ்பீக்கரில் அந்த மெல்லிய கூவல் இழுத்துக்கொண்டே இருந்தது. பிறகு, புறம் பேசிக்கொண்டிருக்கையில் பேசப்பட்டவரே உள்ளே நுழைந்துவிட்டதைப் போலச் சட்டென்று வாயை மூடிக்கொண்டது.

அவன் சாவியிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். கொசு என்று அவன் பெயர் வைத்திருக்கும் அந்தக் கூவல், மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் பெற்ற பிள்ளை. இன்ஜின் வேகம் பிடித்தால் குரலை உயர்த்தும், தணிந்தால் தணியும், நின்றால் நின்றுவிடும். பதினெட்டு வருடத்தில் ஒரு கொசுகூட அவனிடம் மூன்று நொடி கடன் கேட்டதில்லை.

வயர்லெஸ் வைத்த வண்டி எதுவாக இருந்தாலும், ஆம்புலன்ஸோ டாக்சியோ தண்ணீர் லாரியோ, ஸ்பீக்கரில் கூவலும் கரகரப்பும் வந்தால் அவனுடைய ஷெட்டுக்குத்தான் வரும். ஊரில் அவனுக்குக் கொசு டாக்டர் என்று பெயர். அப்பாவும் பெரியப்பாவும் ஜவுளிக்கடையில் மீட்டர் மீட்டராகத் துணி விற்றார்கள். அவன் விற்றது சத்தமில்லாமை. கையில் தொட்டுக் காட்ட முடியாத சரக்கு. "ஒண்ணுமே கேக்கலையேப்பா, இதுக்கா இவ்வளவு?" என்று வாடிக்கையாளர் ஆரம்பிப்பார். "ஒண்ணுமே கேக்காததுக்குத்தாங்க இவ்வளவு" என்பான் அவன்.

இன்றைக்கு வந்திருந்தது டோயிங் வண்டி. மலைப்பாதையில் நின்றுபோகும் வண்டிகளைக் கொக்கி போட்டு இழுத்து வருவது. காலையில் முதலாளியே ஓட்டிக்கொண்டு வந்து விட்டுப் போனார்.

"நாளைக்கு டியூட்டிக்கு அனுப்பணும். இந்த இரைச்சலை மட்டும் ஒழிச்சுக் குடு. பேசுறது நம்ம ஆளா பேயான்னே தெரியல."

"முன்னாடி ஓட்டுனவர் எப்படிச் சமாளிச்சாரு?"

"யாரு, பூட்டா? அவன் வாயைத் திறந்தாத்தானே! அதனாலதான பூட்டுன்னு பேரு. அவன் போயி ஏழு மாசம் ஆச்சு. சொல்லாம கொள்ளாம போயிட்டான். பாலத்து மேல வண்டி நிக்குது, சாவி அதுலயே தொங்குது, ஆளக் காணோம். வேற எங்கயோ நல்ல இடமாக் கிடைச்சிருக்கும்."

"சாவியைக் கொடுத்துட்டுப் போக நேரமில்லாத அளவுக்கு நல்ல இடமா?"

முதலாளி குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது மணி மூன்றரை. பகலுக்கு உண்டான வெளிச்சம் எதுவும் இல்லை. தகரக் கூரையின் மேல் மழை கோதுமையைக் கொட்டுவது போலக் கொட்டிக்கொண்டிருந்தது. ஈர மண், கிரீஸ், சூடான ஈயம், வண்டிக்குள் ஏழு மாதம் அடைபட்டுக் கிடந்த ரெக்சின் இருக்கையின் புளித்த வாடை எல்லாம் ஒன்றாகக் கலந்து மூக்கில் அப்பியது. அவன் மைக்கைக் கொக்கியிலிருந்து எடுத்தான். பொத்தானை அழுத்தினால் செட்டில் சிவப்பு விளக்கு: நாம் பேசுகிறோம். விட்டுவிட்டால் இருட்டு. எதிராளி பேசினால் பச்சை. ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்க மட்டுமே முடியும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால் கேட்பவருக்கு எவன் பக்கத்தில் இருக்கிறானோ அவன் குரல்தான் போய்ச் சேரும். சந்தையில் பக்கத்துக் கடைக்காரன் கூவினால் கோடிக் கடைக்காரனின் தொண்டை வீணாவது போல.

"கன்ட்ரோல், கொசு டாக்டர் பேசுறேன். கேக்குதா?"

பச்சை விளக்கு. கரகரப்பைக் கிழித்துக்கொண்டு அவன் மனைவியின் குரல். "கேக்குது டாக்டர். கூடவே யாரோ மிக்ஸி ஓட்டுறதும் கேக்குது."

டோயிங் கம்பெனியின் கன்ட்ரோல் ரூமில் டிரைவர்களோடு பேசும் வேலை அவளுக்கு, பகல் பன்னிரண்டிலிருந்து இரவு எட்டு வரை. எட்டு கிலோமீட்டர் தள்ளி, டயர் கடையின் மாடியில் ஒற்றை அறை. மலை மடிப்புக்குள் செல்போன் மணி பார்க்கத்தான் உதவும். அதனால்தான் வயர்லெஸுக்கு இத்தனை மரியாதை. இன்று ஞாயிற்றுக்கிழமை, கீழே டயர் கடை மூடியிருக்கும், மற்ற இரண்டு வண்டிகளுக்கும் ஓய்வு. அந்தக் கட்டடத்தில் அவளைத் தவிர யாரும் இல்லை.

"மிக்ஸியை நிறுத்தத்தான் உக்காந்திருக்கேன். தாழ்ப்பாள் போட்டியா?"

"போட்டாச்சு. நீங்க வந்து தட்டுனா மட்டும்தான் திறப்பேன். நீங்களா இருந்தாலும் கூப்பிட்டுச் சொல்லிட்டு வரணும்."

"உத்தரவு. வரேன்."

அந்தக் கம்பெனியில் யாரும் ஓவர் சொல்வதில்லை. பேச்சு முடிந்தால் 'வரேன்'தான். வீட்டை விட்டு இறங்கும்போது, போனை வைக்கும்போது, சேனலை விடும்போது எல்லாவற்றுக்கும் அதே சொல். சொல்பவன் எவனும் வருவதில்லை. போகிறவன் சொல்கிற சொல் அது.

பொத்தானை விட்டான். பச்சை விளக்கு ஒரு கணம் எரிந்து அணைந்தது. இரைச்சலுக்கு அடியில், தண்ணீருக்குள்ளிருந்து பேசியது போல, ஏதோ ஒன்று.

...ரேன்.

மலையில் மோதித் திரும்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். உடனே அவள் வந்தாள். "ஒரு தடவை சொன்னாப் போதுங்க. ரெண்டு தடவை சொல்றீங்க."

"ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்" என்றான்.

வேலையில் இறங்கினான். செட்டுக்கான மின்சாரத்தை டாஷ்போர்டுக்குப் பின்னால் கண்ட கண்ட ஒயரிலிருந்து எடுத்திருந்தார்கள். ஹார்ன், வைப்பர், விளக்கு எல்லாவற்றின் அழுக்கையும் சேர்த்துக் குடித்துக்கொண்டிருந்தது செட். செட்டின் இரண்டு ஒயரையும் பியூஸ் வைத்து நேராக பேட்டரிக்கே கொண்டுபோனான். ஆல்டர்னேட்டரின் வாயில் ஒரு வடிகட்டி. வைப்பர் மோட்டாருக்கும் காற்றாடி மோட்டாருக்கும் ஆளுக்கொரு கண்டென்சர். இன்ஜினைக் கிளப்பி ஆக்சிலரேட்டரை மிதித்தான். கொசு செத்துப்போயிருந்தது.

மிச்சம் இருந்தது கரகரப்பு. எண்ணெயில் ஏதோ பொரிவது போல, விடாமல், ஒரே சீராக.

"மிக்ஸி நின்னுடுச்சு" என்றாள் அவள். "பொரியுறது மட்டும்தான் கேக்குது. இது பூட்டு அண்ணன் வண்டிதானே? அவர் பேசினா எப்பவும் இந்தச் சத்தம் இருக்கும். பாவம், எல்லாரும் வரேன்னு சொல்லிட்டு வைப்பாங்க, அவர் மட்டும் 'சரி'ன்னு வச்சுடுவார். வரேன்னு சொன்னா வரி போட்டுடுவாங்களாண்ணேன்னு நான்கூடக் கிண்டல் பண்ணுவேன்."

"அதுக்கு என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. கடைசியா ஒரு நாள் நான் ரொம்ப வம்பு பண்ணப்போ சொன்னார். 'சரிம்மா, வரேன்'னு. அன்னைக்குத்தான் போனார்."

மழை கொஞ்சம் தணிந்து மறுபடி பிடித்தது. அவனுக்குக் கழுத்துக்குப் பின்னால் ஏதோ ஊர்ந்தது. துடைத்துப் பார்த்தான். வியர்வை.

"சரி. வ—" நிறுத்த நினைத்தான். நாக்கு பழக்கத்தில் முந்திக்கொண்டது. "வரேன்."

பொத்தானை விட்டான். பச்சை.

வரேன்.

இந்த முறை பாதி இல்லை, முழுதாக வந்தது. மலையில் மோதி வருவது போன குரலிலேயே வரும். இது மெதுவாக, தாழ்வாக வந்தது. கடைக்காரன் சொன்ன விலையை வாங்க வந்தவன் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பானே, அப்படி.

அண்டையில் வேறு கம்பெனியின் வண்டியாக இருக்கும். சேனல் ஒன்றாக இருக்கும். பயம் சொல்கிற முதல் விலைக்கே ஒப்புக்கொள்ளக் கூடாது என்று கேட்டு வளர்ந்த வியாபாரி வீட்டுப் பிள்ளை அவன். பாதிக்குக் கேட்டான்: வேறு கம்பெனி வண்டிதான். மனம் படியவில்லை. ஆனால் கை வேலைக்குத் திரும்பியது.

ஆன்டெனாவின் அடியைக் கழற்றினான். அங்கே தகரம் தகரத்தோடு தொட வேண்டும். யாரோ நான்கு பூச்சு பெயின்ட் அடித்து, அதற்கு மேல் ரப்பர் வட்டம் வெட்டி வைத்திருந்தார்கள். பானெட்டையும் உடம்பையும் இணைக்கும் செம்புப் பின்னல் பட்டை நைந்து அறுந்திருக்கவில்லை. வெட்டியிருந்தது. கத்தரியால், நேராக, ஒரே வெட்டு. டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். இருட்டில் விரலுக்கு ஒரு சின்னப் பெட்டி தட்டுப்பட்டது. அது அதிர்ந்துகொண்டிருந்தது. கைக்குள் பிடித்த வண்டைப் போல.

டார்ச் அடித்துப் பார்த்தான். ஒரு ரிலே, தானாக ஒட்டிப் பிரியும் சின்ன மின் ஸ்விட்ச். அதன் முனைகளை அதற்கே திருப்பி இணைத்திருந்ததால், ஒட்டுவதும் பிரிவதுமாக நொடிக்கு நூறு தரம் பொரிந்துகொண்டிருந்தது. அதற்கு வேறு ஒரு வேலையும் கிடையாது, இரைச்சல் போடுவதைத் தவிர. பழுது என்றால் அலங்கோலமாக இருக்கும். இது அழகாக இருந்தது. ஈயம் பளபளத்தது, டேப்பைச் சுருக்கமில்லாமல் சுற்றியிருந்தது, தனியாக ஒரு பியூஸ். பூட்டு உட்கார்ந்து, நிதானமாக, நாள் கணக்கில் இதைச் செய்திருக்கிறான்.

இரைச்சல் தானாக வரவில்லை. அவன் கட்டி வைத்திருக்கிறான், வேலி கட்டுவது போல.

அந்த இடத்தில் அவன் எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் பதினெட்டு வருடமாகச் சத்தமில்லாமை விற்றவன். கரகரப்போடு ஒரு வண்டியை வெளியே அனுப்பினால் அந்தப் பெயர் என்னாவது? பெயின்டைச் சுரண்டினான். புதுப் பட்டையை முறுக்கினான். செட்டுக்குப் போகும் ஒயர்களில் இரைச்சலை விழுங்கும் கறுப்பு ஃபெரைட் வளையங்களை மாட்டினான். கடைசியாகப் பெட்டியின் ஒயரைக் கட்டிங் பிளையரால் நறுக்கி, பெட்டியைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தான்.

ஷெட் முழுக்க அமைதி. மழை இருந்தது, ஆனாலும் அமைதி. ஸ்பீக்கரிலிருந்து வந்தது வெறும் சத்தமில்லாமை அல்ல. கழுவித் துடைத்து, மெருகேற்றி, அடிவரை தெரியும் கிணற்றைப் போல ஆழமாகத் திறந்து கிடந்த ஒரு சுத்தம். அவன் தொழிலில் இவ்வளவு சுத்தமாக எதையும் கேட்டதில்லை. இரண்டு நொடி அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பச்சை விளக்கு எரிந்தது.

யாரும் பேசவில்லை. யாரோ எங்கோ பொத்தானை அழுத்திக்கொண்டு சும்மா இருந்தார்கள். அவன் குனிந்து காதைக் கொடுத்தான். மழை கேட்டது. தகரத்தின் மேல் விழும் மழை இல்லை. தார் ரோட்டில் விழும் மழை. அதற்குள் காலடி. அவசரமில்லாத காலடி.

"எடை மேடை தாண்டிட்டேன்" என்றது ஸ்பீக்கர். "வரேன்."

அவன் குரல். அவனுடைய சொந்தக் குரல். தொண்டையில் ஒட்டியிருக்கும் அந்தச் சளி உட்பட.

எடை மேடை இங்கிருந்து இரண்டு கிலோமீட்டர். கன்ட்ரோல் ரூம் போகிற வழி.

"இந்த மழையில எதுக்குங்க கிளம்புனீங்க?" அவள் குரல் துல்லியமாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல வந்தது. "வேலை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. ஒரு சத்தம் இல்ல" என்றது அந்தக் குரல்.

அவன் மைக்கைப் பறித்தான். சிவப்பு. "நான் கிளம்பல! ஷெட்லதான் இருக்கேன்! அது நான் இல்ல, கேக்குதா? கதவைத் திறக்காதே!" விட்டான். பச்சை எரிந்துகொண்டே இருந்தது. அந்தப் பக்கம் பொத்தானை விடவில்லை. அது அவளுக்குப் பக்கத்தில் இருந்தது. அவன் கோடிக் கடைக்காரன்.

அப்போதுதான் அந்தச் சொல் அவனுக்குப் புரிந்தது. மத்தியானத்திலிருந்து விடைபெறுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தான். ஒரு தடவைகூட அது விடைபெறவில்லை.

வண்டியைக் கிளப்பினான். ஷெட் கதவு பாதிதான் திறந்திருந்தது. இடித்துக்கொண்டு வெளியே வந்தான். வைப்பர் அடித்தது. முன்னால் சாம்பல் நிறத்தைத் தவிர எதுவும் இல்லை. இரைச்சல் வேண்டும். கொஞ்சம் இரைச்சல். காற்றாடியை முழு வேகத்தில் வைத்தான். ஹார்னை அழுத்தினான். எல்லா விளக்கையும் போட்டான். ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தான். ஸ்பீக்கரில் ஒரு கீறல்கூட விழவில்லை. அவன் வேலை அவ்வளவு சுத்தம். பெட்டி மேஜை மேல் இருந்தது.

எடை மேடையைக் கடந்தான். யாரும் இல்லை.

"பாலம் தாண்டிட்டேன். வரேன்."

"அதுக்குள்ளயா! பாத்து ஓட்டுங்க, யாரும் துரத்தல."

சிவப்பை அழுத்தினான். கத்தினான். விட்டான். பச்சை. அழுத்தினான். கத்தினான். பச்சை.

"டயர் கடை வந்தாச்சு. படி ஏறுறேன்."

அவள் சிரித்தாள். "மைக்கைக் கழட்டிக் கையோடவா கொண்டு வந்தீங்க? இருங்க, திறக்கிறேன்."

மேஜை மைக்கின் பொத்தானை அமுக்கிப் பூட்டிவிட்டு எழுந்துபோவது அவள் பழக்கம். சேனலை அடைக்கிறாய் என்று எத்தனையோ முறை திட்டியிருக்கிறான். இன்றும் அப்படியே எழுந்திருக்கிறாள். நாற்காலி பின்னால் நகர்ந்தது. செருப்பு. நான்கு அடி, ஐந்து அடி. தாழ்ப்பாள். அதற்கு அவன்தான் போன மாதம் எண்ணெய் போட்டிருந்தான். வழுக்கிக்கொண்டு திறந்தது.

"வாங்க. என்னங்க இது, இவ்வளவு மழையில..." அவள் குரல் மெதுவானது. "நனையவே இல்லையே நீங்க."

பச்சை அணைந்தது.

அவன் அழுத்தினான். கூப்பிட்டான். அவளுடைய பெயரை, செல்லப் பெயரை, கோபத்தில் கூப்பிடும் பெயரை. விட்டான். இருட்டு. எதுவும் இல்லை. மீண்டும். எதுவும் இல்லை. முன்னால் பாலத்தின் கைப்பிடிச் சுவர் வெள்ளையாகத் தெரிந்தது.

பச்சை.

"என்னங்க."

அவன் மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்தான். "நல்லா இருக்கியா? என்னாச்சு? கதவைச் சாத்து. தாழ்ப்பாள் போடு. நான் பாலத்துக்கு வந்துட்டேன், இதோ..." நாக்கு பழக்கத்தில் முந்திக்கொண்டது. "வரேன்."

"வேண்டாங்க" என்றாள். நிதானமாக. வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பது போல. "நான் வரேன்."

பிரேக்கை மிதித்தான். வண்டி பாலத்தின் நடுவில் பக்கவாட்டில் வழுக்கி நின்றது.

"டயர் கடை தாண்டிட்டேன். வரேன்."

ஒரு மூச்சு விடும் நேரம்.

"பாலம்."

செட்டின் குமிழைத் திருகினான். டிக். அணைந்தது. சாவியைத் திருப்பினான். இன்ஜின் இருமி அடங்கியது. வைப்பர் கண்ணாடியில் பாதியில் நின்றது. மழை மட்டும்.

ஒன்று. இரண்டு. மூன்று.

அணைத்து வைத்த செட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது.

சிவப்பு. பச்சை இல்லை.

மைக் கொக்கியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பொத்தான் மெல்ல உள்ளே அமுங்கியது, ஒரு கட்டைவிரல் அமுக்கினாற்போல. பிறகு மைக் கொக்கியை விட்டு எழுந்தது. சுருள் ஒயர் ஒவ்வொரு சுருளாக அவிழ்ந்து, பக்கத்து இருக்கையை நோக்கி நீண்டது. நீண்டு நின்றது.

ரெக்சின் இருக்கை நடுவில் அமுங்கியிருந்தது. அதன் மேல் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை.